எலும்பு கூடிய பிறகும் ரேஸ் ஓட்டுநருக்கு என்ன பாக்கி?

நிழல்சுற்று எழுதியது:

நண்பர்களே, பெரிய விபத்தில் சிக்கித் தேறி, மறுபடி உச்ச மட்டப் பந்தயத்துக்கு வந்தவர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே மன உறுதி, வைராக்கியம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எனக்கு அது போதவில்லை. மன உறுதி இல்லாதவர் ஃபார்முலா ஒன் காரில் உட்காரும் நிலைக்கே வந்திருக்க மாட்டார்.

1994 மே மாதம் மொனாக்கோ பயிற்சிச் சுற்றில் தலையில் அடிபட்டுக் கோமாவுக்குப் போனார் கார்ல் வெண்ட்லிங்கர். 1995-இல் அதே சாபர் அணிக்குத் திரும்பினார். நான்கு பந்தயம் முடிந்ததும் அணி அவரை உட்காரவைத்துவிட்டது. 1995 நவம்பரில் அடிலெய்டில் மண்டையோடு உடைந்த மிக்கா ஹாக்கினன், அடுத்த மார்ச்சிலேயே மெல்போர்னில் ஐந்தாவதாக வந்தார். பிறகு 1998, 1999 என இரண்டு பட்டங்கள். இருவருக்கும் தலைக்காயம், இருவருக்கும் அணி காத்திருந்தது. வித்தியாசம் எங்கே?

கை, கால் விஷயத்திலும் இதே குழப்பம்தான். மைக்கேல் ஷூமாக்கர் கால் உடைந்து மூன்று மாதத்தில் வந்து, தொடக்க வரிசையை முடிவு செய்யும் தகுதிச் சுற்றில் முதலிடம் பெறுகிறார். ஜானி ஹெர்பர்ட் வந்த முதல் பந்தயத்தில் நான்காவது, ஆனால் சில மாதத்தில் இடம் போய்விடுகிறது. ராபர்ட் குபிட்சாவுக்கு எட்டு வருடம் ஆகிறது.

மருத்துவர் சரி என்ற பிறகு, காரில் ஏறுவதற்குள் என்னென்ன சோதிக்கிறார்கள்? காரில் எந்தப் பாகத்தை மாற்றுகிறார்கள்? எங்கே சறுக்குகிறது? விவரம் தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

கூம்புவளைவு எழுதியது:

தலையில் இருந்து தொடங்குகிறேன். வெளியே தெரியாத காயம் அதுதான். தப்புக் கணக்கு அதிகம் விழுவதும் அங்கேதான்.

வெண்ட்லிங்கரையும் ஹாக்கினனையும் "தலைக்காயம்" என்ற ஒரே பெயரில் அடைக்க முடியாது. மண்டையோடு உடைவது எலும்பின் சமாச்சாரம். மூளை வீங்குவதும், உள்ளே நரம்பிழைகள் இழுபட்டு அறுவதும் வேறு. மண்டையோட்டில் கோடு விழுந்தும் மூளை பெரிதாகக் கெடாமல் தப்பியவர்கள் உண்டு; எலும்பில் கீறலே இல்லாமல் மாதக்கணக்கில் அவதிப்பட்டவர்களும் உண்டு. இதோடு முதல் சில நிமிடங்களின் கணக்கு சேர்கிறது. அடிபட்ட மூளைக்குப் பிராணவாயு குறைந்தால், அடியைவிடப் பெரிய சேதம் அதுவே செய்துவிடும். அடிலெய்டில் ஹாக்கினனுக்கு மூச்சுப்பாதை அடைத்திருந்தது. தடத்தின் ஓரத்திலேயே, காருக்குப் பக்கத்திலேயே, கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்தார்கள். அவர் திரும்பி வந்ததன் முதல் காரணம் அந்தத் துளை. மருத்துவமனை போய்ச் சேரட்டும் என்று காத்திருந்தால் 1998 பட்டமும் இல்லை, 1999 பட்டமும் இல்லை.

இப்போது "மருத்துவர் சரி என்ற பிறகு" என்ற கேள்விக்கு வருகிறேன். சாதாரண மனிதர் தேறினாரா என்று பார்க்கத் தலைவலி, ஞாபகம், நடை போதும். பந்தய ஓட்டுநருக்கு அது போதாது. கண்ணும் உட்காதும் சேர்ந்து செய்யும் ஒரு வேலை இருக்கிறது. தலை ஆடும்போது பார்வை ஆடாமல் இருக்க, கண்விழி எதிர்த்திசையில் தானாகத் திரும்பும். மணிக்கு 300 கிலோமீட்டரில் கார் ஒரு வினாடிக்கு 83 மீட்டர் போகிறது, காக்பிட் முழுக்க அதிர்கிறது. அந்தக் கண் திருத்தம் இம்மியளவு தாமதித்தாலும், எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்று காட்டும் தடத்தோரப் பலகை மங்கும். நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் எந்தச் சோதனையிலும் அவர் நூற்றுக்கு நூறு வாங்கலாம். காரில் ஏறி நாலு சுற்றில் குமட்டும்.

2011 மொனாக்கோ தகுதிச் சுற்றில் மோதிய செர்ஜியோ பெரஸ் இதற்கு உதாரணம். இரண்டு வாரம் கழித்துக் கனடாவில் காரில் ஏறினார், முதல் பயிற்சிச் சுற்றை ஓட்டினார், உடம்பு சரியில்லை என்று தானே இறங்கிவிட்டார். பெத்ரோ தெ லா ரோசா அவருக்குப் பதில் ஓட்டினார். பெரஸ் அன்று இறங்கியதை நான் மிகப் பெரிய காரியமாக மதிக்கிறேன். அறிகுறியை மறைத்து ஓட்டி, பழைய அதிர்ச்சி ஆறும் முன் இன்னொரு அடி விழுந்தால், சின்ன அடிகூட மூளையை அபாயகரமாக வீங்கச் செய்யலாம். 2007-இல் மான்ட்ரியல் மோதலுக்கு மறுநாளே மருத்துவமனையில் இருந்து வெளியே வந்த குபிட்சாவை அடுத்த வார இண்டியானாபொலிஸ் பந்தயத்தில் ஓட மருத்துவர்கள் அனுமதிக்காததற்கும் இதுதான் காரணம். செபாஸ்டியன் வெட்டலின் முதல் ஃபார்முலா ஒன் பந்தயம் அப்படி வந்ததுதான்.

சோதனை நடக்கும் வரிசை ஏறக்குறைய இப்படி: சீசன் தொடங்கும் முன்பே கணினியில் நினைவு, கவனம், எதிர்வினை வேகம் மூன்றையும் அளந்து வைத்துவிடுவார்கள். இம்பேக்ட் என்ற சோதனை அதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. அடிபட்ட பிறகு அதே சோதனையை எடுத்து, அவருடைய பழைய எண்ணோடுதான் ஒப்பிடுவார்கள், ஊரார் சராசரியோடு அல்ல. பிறகு இதயத் துடிப்பை ஏற்றும் உடற்பயிற்சி, தலையை ஆட்டியபடி எழுத்தைப் படிக்கும் பயிற்சி, கண்ணைக் கிட்டவும் தூரவும் மாற்றி மாற்றிக் குவிப்பது. கடைசியில் யாருமில்லாத தடத்தில் உண்மையான கார். இதில் ஒரு நுணுக்கம்: சிமுலேட்டரை வைத்து முடிவெடுக்கக் கூடாது. அதில் கண் நகர்வதைப் பார்க்கிறது, உட்காது நகர்வை முழுதாக உணர்வதில்லை. நல்ல ஆளுக்கே அதில் குமட்டும். அங்கே குமட்டல் வந்ததால் தேறவில்லை என்றும் சொல்ல முடியாது, வராததால் தேறிவிட்டார் என்றும் சொல்ல முடியாது.

அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயத் தொடரில் ஓட்டிய டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் 2016 சீசனில் கடைசி 18 பந்தயங்களை விட்டார். பார்வையும் சமநிலையும்தான் தகராறு. டிசம்பரில் டார்லிங்டன் தடத்தில் 185 சுற்று ஓட்டிக் காட்டிய பிறகே அனுமதி கிடைத்தது. 2017 டேட்டோனா 500-இல் திரும்பினார். 185 சுற்று என்பது கவனிக்க வேண்டிய எண். பத்துச் சுற்றில் தெரியாத கோளாறு நூறாவது சுற்றில் தெரியும், ஏனென்றால் சோர்வு ஏறும்போதுதான் மூளை தன் ஈடுகட்டலைக் கைவிடும். மறுநாள் காலையில் அறிகுறி வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

முன்பே அளந்து வைப்பதில் ஒரு ஓட்டையும் உண்டு. பின்னால் அடிபட்டால் வித்தியாசம் தெரியக் கூடாதென்று, முதல் சோதனையிலேயே வேண்டுமென்று மெதுவாகச் செய்யும் ஆட்கள் எல்லா விளையாட்டிலும் இருக்கிறார்கள். சோதனைக்குள்ளேயே அதைப் பிடிக்கும் கண்ணிகள் இருக்கின்றன, ஆனால் எல்லாம் பிடிபடாது.

கண்ணைப் பற்றித் தனியாக இன்னொன்று. 2009 ஜூலை 25 அன்று ஹங்கேரியில் ஃபெலிப்பே மாசாவின் ஹெல்மெட்டில் மோதியது முன்னால் போன காரில் இருந்து கழன்ற ஒரு சுருள்வில். இடது கண்ணுக்கு மேலே மண்டையோடு உடைந்தது. அந்த இடத்தில் எலும்பைத் தகடு வைத்துச் சேர்த்துவிடலாம். பார்வைக்குச் சேதம் வந்ததா என்பதுதான் வாழ்வா சாவா கேள்வி. அவருக்குத் தப்பியது. அக்டோபரிலேயே ஃபியோரானோ தடத்தில் 2007-ஆம் ஆண்டுக் காரில் ஓட்டிப் பார்த்தார், 2010 முதல் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார். ஹெல்மெட் முகக்கண்ணாடியின் மேல் விளிம்பில் ஸைலான் என்ற மிக வலுவான இழையாலான பட்டை ஒட்டுவது 2011-இல் வந்தது; அது அந்த விபத்தின் விளைவு.

இறுக்குதிருகு எழுதியது:

தலை பத்தி கூம்புவளைவு சொல்லிட்டார். நான் எலும்பு, மூட்டு பத்தி மட்டும் சொல்றேன்.

எலும்பு கூடுறது வேற, பிரேக் மிதிக்கிறது வேற. ஃபார்முலா ஒன் காரோட முன்சக்கர பிரேக்குக்கு நம்ம ரோட்டுக் கார்ல இருக்கிற மாதிரி உதவி பூஸ்டர் எதுவும் கிடையாது. பெடல் மேல 100 கிலோவுக்கு மேல அழுத்தம் விழணும், அதுவும் கண் இமைக்கிற நேரத்துல. அதோட முடியல. வளைவுக்குள்ள போகப் போக அந்த அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமா விடணும். காத்து காரைத் தடத்தோட சேர்த்து அழுத்துற விசை (ஏரோ அழுத்தம்) வேகம் குறையும்போது குறையுறதால, முதல் மிதிக்குத் தாங்கின டயர் பத்து மீட்டர் தள்ளித் தாங்காது. இதை உணர்றது பாதமும் கணுக்காலும். முட்டிக்கு மேல தொடை எவ்வளவு பலமா இருந்தாலும், கணுக்கால் மடங்கலைன்னா அந்த நுட்பம் வராது.

அதனால "கால் உடைஞ்சுது"ன்னு பொதுவாச் சொன்னா ஒண்ணும் புரியாது. எந்தக் கால், எந்த இடம், அது எந்தப் பெடல்ல இருக்கு, மூணையும் கேக்கணும்.

ஷூமாக்கர் 1999 ஜூலை 11, சில்வர்ஸ்டோன்: வலது கீழ்க்கால் எலும்பு ரெண்டும் உடைஞ்சுது. அவர் இடது காலால பிரேக் பிடிக்கிறவர். உடைஞ்சது ஆக்சிலரேட்டர் கால். அதுல வேண்டிய பலம் குறைவு, நுட்பம் மட்டும் வேணும். அக்டோபர்ல மலேசியாவுல வந்தார், தகுதிச் சுற்றுல முதலிடம், பந்தயத்துல ரெண்டாவது. நடுவுல ஆறு பந்தயம் போச்சு, பட்டமும் போச்சு.

ஹெர்பர்ட் கதை நேர் எதிர். 1988 ஆகஸ்ட், பிராண்ட்ஸ் ஹேட்ச், ஃபார்முலா ஒன்னுக்கு ஒரு படி கீழே இருந்த ஃபார்முலா 3000. ரெண்டு பாதமும் கணுக்காலும் நொறுங்கிடுச்சு. குழாய் மாதிரி இருக்கிற எலும்பு நடுவுல உடைஞ்சா உள்ளே கம்பி விட்டு நேராக்கிடலாம். பாதம் அப்படி இல்ல. சின்னச் சின்ன எலும்பு, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல மூட்டு. மூட்டோட வழவழப்பான பரப்பு நொறுங்கினா அது பழையபடி ஆகவே ஆகாது. 1989 பிரேசில்ல நாலாவதா வந்தார், அது பிரமாதமான ஓட்டம்தான். ஆனா கடுமையா பிரேக் மிதிக்க வேண்டிய தடங்கள் வந்தப்போ கால் ஒத்துழைக்கல. கனடாவுல தகுதி பெறாமப் போனதும் பெனட்டன் அணி அவரை நிறுத்திடுச்சு. பிற்பாடு மூணு கிராண்ட் பிரி ஜெயிச்சார்னா, தன் ஓட்டும் முறையையே அந்தக் காலுக்கு ஏத்த மாதிரி மாத்திக்கிட்டதுதான் காரணம்.

கைல் புஷ், 2015 பிப்ரவரி, டேட்டோனா: மெத்தைத் தடுப்பு இல்லாத உள்சுவர்ல நேரா மோதினார். வலது கால் எலும்பு உடைஞ்சு வெளியே வந்துடுச்சு, இடது பாதமும் முறிஞ்சுது. 11 பந்தயம் விட்டார், மே மாசம் வந்தார், அந்த வருஷ நாஸ்கார் பட்டத்தையே எடுத்தார். கம்பி போட்ட கீழ்க்கால்ல பாரம் சீக்கிரமே ஏத்தலாம், ஏன்னா எடையைக் கம்பி வாங்கிக்கும்.

அதே உலோகம்தான் ஆபத்தும். தகடோ கம்பியோ எலும்பு கூடுற வரைக்கும் முட்டுக்கொடுக்கத்தான். எலும்பு கூடாம தகடு மட்டும் பாரம் தாங்கிட்டே இருந்தா, கம்பியை வளைச்சு வளைச்சு ஒடிக்கிற மாதிரி ஒரு நாள் ஒடிஞ்சிடும். கார் ஓட்டுநர் இல்லேன்னாலும் பைக் பந்தய வீரர் மார்க் மார்கெஸ் விஷயத்தைச் சொல்லியே ஆகணும். 2020 ஜூலை 19 ஜெரெஸ்ல வலது மேற்கை எலும்பு உடைஞ்சுது. தகடு வெச்சாங்க. அதே வாரக் கடைசியில பைக்ல ஏறிப் பார்த்தார். அப்புறம் வீட்டுல ஜன்னல் கதவைத் திறக்கும்போது தகடு உடைஞ்சுது. ரெண்டாவது அறுவை, டிசம்பர்ல மூணாவது, அப்போ எலும்புல தொற்று இருந்ததும் தெரிஞ்சுது. 2021 ஏப்ரல்லதான் திரும்பினார். எலும்பு கொஞ்சம் திரும்பின வாக்குல கூடியிருந்ததால 2022 ஜூன்ல நாலாவது தடவை வெட்டித் திருப்பி வெச்சாங்க. அடுத்த பட்டம் 2025-லதான். ஒரு வாரம் அவசரப்பட்டதுக்கு எத்தனை வருஷம் பாருங்க.

அதனால எக்ஸ்ரே மட்டும் பார்த்துட்டு "கூடிடுச்சு"ன்னு சொல்லக் கூடாது. உலோகம் மறைக்காத கோணத்துல சிடி ஸ்கேன் எடுத்து, முறிவைத் தாண்டி எலும்புப் பாலம் எத்தனை பக்கத்துல வந்திருக்குன்னு பார்க்கணும். மணிக்கட்டுல இருக்கிற படகு எலும்பு இன்னும் மோசம். அதுக்கு ரத்தம் ஒரு முனையில இருந்துதான் வருது, அடுத்த முனை உடைஞ்சா பட்டினிதான். ஸ்டியரிங் திடீர்னு உதறும்போது அது உடையலாம். மோதப் போறோம்னு தெரிஞ்சதும் ஓட்டுநர்கள் ஸ்டியரிங்கை விட்டுட்டுக் கையை மார்போட சேர்த்துக்கிறது இதனாலதான்.

கழுத்து: தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆறேழு கிலோ. எடையைப் போல அஞ்சு மடங்கு விசை (5 ஜி) விழுற வளைவுல பக்கவாட்டுல 30 கிலோவுக்கு மேல இழுக்கும், ஒரு சுற்றுக்குப் பல தடவை. ரெண்டு மாசம் படுத்திருந்தாலே இந்தத் தசை கரைஞ்சிடும், திரும்ப நாள் ஆகும். 2009-ல மாசாவுக்குப் பதிலா ஓட்டறதா இருந்த ஷூமாக்கர், அந்த பிப்ரவரி பைக் விபத்துல பட்ட கழுத்து வலி காரணமாத்தான் பின்வாங்கினார். ஓய்வுல இருந்த மனுஷன், மனசு முழுக்க ஆசை, கார் ரெடியா நிக்குது. கழுத்து இடம் கொடுக்கல.

மருந்து பத்தி யாரும் பேசறதில்ல. இடுப்பெலும்பு முறிவு, பெரிய அறுவைக்கு அப்புறம் ரத்தம் உறையாம இருக்க மருந்து தருவாங்க. அது உடம்புல இருக்கிற வரைக்கும் பந்தயம் கிடையாது, சின்ன மோதல்லயும் உள்ளே ரத்தம் நிக்காது. வலுவான வலி மாத்திரையும் அப்படித்தான், எதிர்வினையை மந்தமாக்கிடும். மாத்திரை இல்லாம ஒரு முழுப் பந்தய தூரம் தாங்குதான்னு பார்க்கிறதும் சோதனைதான்.

நிழல்சுற்று எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. எந்தக் கால், எந்தப் பெடல் என்ற விளக்கத்தில் பாதிக் குழப்பம் தீர்ந்தது. கை விஷயத்தை யாராவது சொல்லுங்களேன். ஒரு கையில் பாதி வேலை செய்யாதவர், கால்களே இல்லாதவர், இவர்கள் எல்லாம் ஓட்டும்போது காருக்குள் உண்மையில் என்ன மாறுகிறது?

நான்காம்கியர் எழுதியது:

குபிட்சாவின் கையை முதலில் எடுத்துக்கொள்வோம். 2011 பிப்ரவரி 6, இத்தாலியில் ஒரு சிறிய ராலி. சாலைத் தடுப்புக் கம்பி காருக்குள் பாய்ந்து வலது முன்கையைக் கிட்டத்தட்டத் துண்டாக்கிவிட்டது. இத்தகைய காயத்தில் நாள் கணக்கை எலும்பு நிர்ணயிப்பதில்லை, நரம்பு நிர்ணயிக்கிறது. அறுந்த நரம்பைத் தைத்தால் அது ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். முழங்கையில் இருந்து விரல் நுனிக்கு 40 சென்டிமீட்டர் என்று வையுங்கள், ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் நரம்பு வந்து சேராத சிறு தசைகள் சுருங்கி நாராகிவிடும். எவ்வளவு பயிற்சி செய்தாலும் அவை திரும்பாது.

அவருக்கு முக்கியமான இழப்பு முன்கையைச் சுழற்றும் அசைவு, அதாவது சாவியைத் திருப்புவது போன்ற அசைவு. ராலி காரில் இடம் இருக்கிறது. மணிக்கட்டு திரும்பாததை முழங்கையைத் தூக்கியும் தோளைத் திருப்பியும் ஈடுகட்டலாம். ஃபார்முலா காரின் காக்பிட்டில் முழங்கை இரு பக்கச் சுவரிலும் இடிக்கும். அவர் முதலில் ராலிக்குப் போனதற்கும், 2013-இல் உலக ராலித் தொடரின் இரண்டாம் பிரிவான டபிள்யூஆர்சி 2 பட்டம் வென்ற பிறகும் ஃபார்முலா ஒன் தள்ளிப்போனதற்கும் இந்தச் சில சென்டிமீட்டர் இடம் பெரிய காரணம். கியரை ஏற்றுவதும் இறக்குவதும் இரண்டையும் இடது கைக்கே கொண்டுவந்தார்கள். ஃபார்முலா ஒன் ஸ்டியரிங்குக்கு ஹைட்ராலிக் உதவி இருப்பதால் திருப்பும் பலத்தில் பெரும்பங்கை இடது கை வாங்கிக்கொள்ளலாம். வலது கை வழிகாட்டும். 2017 ஆகஸ்ட்டில் ஹங்கேரியில் ரெனோ காரில் 142 சுற்று ஓட்டினார், அதாவது இரண்டு பந்தய தூரம். 2019-இல் வில்லியம்ஸில் முழு சீசன், ஜெர்மனியில் பத்தாவதாக வந்து ஒரு புள்ளி; அந்த அணிக்கு அந்த ஆண்டு கிடைத்த ஒரே புள்ளி அது. 2025-இல் ஃபெராரி 499பி-யில் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தையே வென்றார்.

இதே கையோடு அவர் அமெரிக்காவின் இண்டிகார் தொடருக்குப் போயிருக்க முடியுமா? என் கணிப்பில் முடியாது. இண்டிகாரில் பவர் ஸ்டியரிங் கிடையாது. எந்தக் காருக்குத் திரும்புகிறோம் என்பது மருத்துவ முடிவும்கூட. எதிர்ப்புறமும் உண்மை: 2020 நவம்பரில் பஹ்ரைனில் கையெல்லாம் எரிந்த ரோமான் குரோஷான், அடுத்த வசந்தத்திலேயே அந்தக் கனமான ஸ்டியரிங்கைப் பிடித்து 2021 மே மாதம் இண்டியானாபொலிஸ் சாலைத் தடத்தில் முதலிடத்தில் தகுதி பெற்றார். எரிந்தது தோல், பிடியின் பலம் திரும்பியது.

இனி கால் இல்லாமல் ஓட்டுவது. ஆக்சிலரேட்டர் எளிது. இன்று அது ஒரு மின்சமிக்ஞை மட்டுமே. ஸ்டியரிங்கின் பின்னால் ஒரு வளையமோ நெம்புகோலோ வைத்தால் போதும். கிளட்ச் பெரும்பாலும் கிளம்பும்போது மட்டும், அதையும் விரலுக்கு மாற்றலாம். கியர் இறக்கும்போது எஞ்சினைச் சற்று உறுமவைப்பதைக் கட்டுப்பாட்டுக் கணினியே செய்துவிடும். முழுத் தலைவலியும் பிரேக்தான்.

கால் 100 கிலோ தரும். விரல்களால் இழுத்தால் அதில் கால்வாசி வருமா என்பதே சந்தேகம், அதுவும் ஒரு மணி நேரம் திரும்பத் திரும்ப. நெம்புகோலை நீட்டினால் பலம் கூடும், ஆனால் இழுக்க வேண்டிய தூரமும் கூடும். பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் விட்டத்தைக் குறைத்தால் அதே பலத்துக்கு அழுத்தம் ஏறும், ஆனால் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் தள்ளப்படும் எண்ணெய் குறைவு, மறுபடி தூரம் கூடும், பிரேக் பஞ்சு போலாகும். விரலுக்கு எட்டும் தூரமோ ஏழெட்டு சென்டிமீட்டர். இதற்கு மூன்று வழிகள் நடைமுறையில் வந்தன.

அலெக்ஸ் ஸனார்டி 2001 செப்டம்பர் 15-இல் ஜெர்மனியின் லவுசிட்ஸ்ரிங் தடத்தில் இரண்டு கால்களையும் இழந்தார். பிஎம்டபிள்யூ டூரிங் காரில் (சாலைக் காரைப் பந்தயத்துக்கு மாற்றிய வகை) செயற்கைக் காலாலேயே பிரேக் மிதித்தார், ஆக்சிலரேட்டர் மட்டும் ஸ்டியரிங் வளையத்தில். பெடலின் உணர்வு பாதத்தில் கிடையாது. இடுப்பில் விழும் எதிர்வினையை வைத்தே அளந்தார். அதிலேயே 2005-இல் உலக டூரிங் கார் தொடரில் ஒரு பந்தயத்தை வென்றார். பின்னாளில் செயற்கைக் கால்களைக் கழற்றிவிட்டுக் கையால் தள்ளும் பிரேக் நெம்புகோலுக்கு மாறினார். நீண்ட பந்தயத்தில் செயற்கைக் காலின் குழிக்குள் தோல் வெந்து உரசும், வியர்வை தேங்கும். காலே இல்லாத உடலில் வியர்வை விடும் பரப்பும் குறைவு. 2019 டேட்டோனா 24 மணி நேரப் பந்தயத்தில் அந்த நெம்புகோலோடு ஓட்டினார். ஓட்டுநர் மாறும்போது அவருடைய தனி ஸ்டியரிங்கைக் கழற்றி மாட்ட வேண்டும்; முதல் மாற்றத்திலேயே இணைப்புச் சிக்கலால் நேரம் போனது. வருடக்கணக்கான உழைப்பு ஒரு மின் இணைப்பில் தடுமாறும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது வழி பில்லி மாங்கர். 2017 ஏப்ரலில் டானிங்டனில் இரண்டு கால்களையும் இழந்தவர், மறு வருடமே பிரிட்டிஷ் ஃபார்முலா 3. ஆக்சிலரேட்டர் கைக்கு வந்தது, பிரேக் வலது காலுக்கே விடப்பட்டது, பெடல் மட்டும் அவர் காலுக்கு ஏற்றபடி செய்யப்பட்டது. 2019-இல் பிரான்ஸின் போ (Pau) நகரில் நடக்கும் கிராண்ட் பிரியை வென்றார்.

மூன்றாவது ராபர்ட் விக்கன்ஸ். 2018 ஆகஸ்ட்டில் போகோனோவில் நடந்த இண்டிகார் பந்தயத்தில் தண்டுவடக் காயம். 2022-இல் ஹூண்டாயின் டிசிஆர் வகை டூரிங் காரில் திரும்பினார், 2023-இல் அந்தப் பிரிவின் பட்டம் அவருக்கு. ஸ்டியரிங்கின் பின்னால் பிரேக்குக்கு முழு வளையம். ஏன் வளையம், ஏன் ஒரு பக்க நெம்புகோல் போதாது? பிரேக்கை விட்டுக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டிய கட்டத்தில்தான் பந்தயமே இருக்கிறது. ஸ்டியரிங் 90 பாகை திரும்பினாலும் விரல்களுக்குக் கீழே வளையம் அதே தூரத்தில் இருக்கும். ஒரு பக்க நெம்புகோலாக இருந்தால் அந்தக் கை எங்கே போகிறதோ அங்கே பிடியின் கோணம் மாறும், அழுத்தம் தாறுமாறாகும். 2025-இல் அவர் கார்வெட் ஜிடி3 காருக்கு மாறியபோது பாஷ் நிறுவனத்தின் மின் பிரேக் அமைப்பு வந்தது: விரல் சமிக்ஞை தரும், எண்ணெயைத் தள்ளுவது மோட்டார். பலப் பிரச்சினை அங்கே ஒழிந்தது. அதற்குப் பதில் அந்தச் சமிக்ஞை அறுந்தால் என்ன என்ற கேள்வி வருகிறது. ஒன்று அறுந்தாலும் மற்றொன்று வேலை செய்யும் இரட்டை மின்சுற்று இல்லாமல் அதை நினைத்தும் பார்க்கக் கூடாது.

தண்டுவடக் காயத்தில் வேறு சில விஷயங்களும் உண்டு. வயிற்றுத் தசை வேலை செய்யாதவர் வளைவில் சாய்ந்துவிடுவார். இருக்கையின் பக்கத் தாங்கிகளை அளவெடுத்து வார்க்க வேண்டும். கால்கள் பெடல் பக்கம் சரியாமல் பட்டையால் கட்ட வேண்டும். உணர்வில்லாத தோலில் ஒரு மடிப்பு அழுத்தினாலும் அவருக்குத் தெரியாது, புண்ணாகிவிடும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் தோலைப் பார்த்தாக வேண்டும்.

கூம்புவளைவு எழுதியது:

நான்காம்கியர் சொன்னதோடு வெளியேறும் சோதனையையும் சேர்க்க வேண்டும். ஃபார்முலா ஒன்னில் பட்டைகளோடு முழுதாக உட்கார்ந்த நிலையில் இருந்து, ஸ்டியரிங்கை மட்டும் கழற்றி, 7 வினாடிக்குள் வெளியே வர வேண்டும். ஸ்டியரிங்கைத் திரும்ப மாட்டி முடிக்க மொத்தம் 12 வினாடி. காக்பிட்டுக்கு மேலே தலையைக் காக்கும் ஹாலோ என்ற வளையம் வருவதற்கு முன் இது 5, 10 என்று இருந்தது. ஒரு கை பலவீனமானவருக்கு ஹாலோவைப் பிடித்து உடலைத் தூக்குவதுதான் கடினம். காரை ஓட்டும் திறமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் இதில் தவறினால் அனுமதி கிடையாது. குரோஷான் தீக்குள் ஏறக்குறைய 28 வினாடி இருந்தும் தானே எழுந்து வெளியே வந்ததைப் பார்த்த யாரும் இந்த விதியைக் குறை சொல்ல மாட்டார்கள்.

தடம்ஓரம் எழுதியது:

எல்லாம் சரிதான், ஆனால் ஒரு இடத்தில் நான் வேறுபடுகிறேன். மனசை ஒதுக்கிவிட்டு உடம்பை மட்டும் பேசுகிறோம். மன உறுதி என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல வேண்டாம். அளந்து பார்க்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன்: கவனத்தின் உபரி.

நல்ல ஓட்டுநருக்குக் காரை வேகமாகச் செலுத்துவது பாதி மூளைக்கே போதுமான வேலை. மிச்சம் டயர், எரிபொருள், முன்னால் போகிறவர் என்று ஓடிக்கொண்டிருக்கும். காயத்துக்குப் பிறகு முன்பு தானாக நடந்ததை யோசித்துச் செய்ய வேண்டியிருந்தால், சுற்று நேரம் பழையபடியே வரலாம், உபரி காணாமல் போயிருக்கும். ஸ்டிர்லிங் மாஸ் 1962 ஏப்ரலில் குட்வுட்டில் அடிபட்டு, 1963 மே மாதம் அதே தடத்தில் ஓட்டிப் பார்த்தார். வேகம் மோசமில்லை. ஆனால் எல்லாவற்றையும் யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது என்று உணர்ந்து அன்றே ஓய்வு என்று முடிவெடுத்தார். அவசரப்பட்டுவிட்டேன், இன்னும் காத்திருந்து பார்த்திருக்கலாம் என்று பின்னாளில் அவரே வருந்தினார். அந்த உபரி இரண்டு வருடம் கழித்தும் திரும்பலாம். ஒரே நாள் சோதனையை வைத்து வாழ்நாள் முடிவு எடுக்கக் கூடாது.

நிக்கி லவுடா இதைக் கையாண்ட விதம் பாருங்கள். 1976 ஆகஸ்ட் 1, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் தீ விபத்து. 42 நாளில் இத்தாலியின் மோன்சா பந்தயம். வெள்ளிக்கிழமை முதல் ஓட்டத்தில் பயத்தில் உறைந்துபோனதாக அவரே சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை அணுகுமுறையை மாற்றினார்: வேகம் காட்ட முயலாமல், மெதுவாக, தனக்கு இயல்பாக வரும் வேகத்தில் மட்டும் ஓட்டினார். இயல்பு திரும்பத் திரும்ப வேகம் தானாக ஏறியது. ஞாயிறு நான்காவது இடம். காயத்துக்கு மேல் அழுத்தாதபடி மாற்றிய ஹெல்மெட், உள்ளே கட்டு, கட்டில் ரத்தம். ஆனால் ஜப்பானின் ஃபியூஜியில் நடந்த அந்த சீசனின் கடைசிப் பந்தயத்தில், மழையில் இரண்டு சுற்றோடு இறங்கிவிட்டார். எரிந்த இமைகளால் சரியாக இமைக்க முடியவில்லை. அந்த மழையில் ஓட்டுவது பைத்தியக்காரத்தனம் என்று நினைத்தார். ஒரு புள்ளியில் பட்டம் ஜேம்ஸ் ஹண்டுக்குப் போனது. மறு வருடம் பட்டம் லவுடாவுக்கு.

நிழல்சுற்று முதலில் கேட்ட வெண்ட்லிங்கருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 1995 கடைசி இரண்டு பந்தயத்தில் சாபர் அவரை மறுபடி ஏற்றியது, பலனில்லை. ஆனால் 1999-இல் கிறைஸ்லர் வைப்பர் ஸ்போர்ட்ஸ் காரில் எஃப்ஐஏ ஜிடி தொடரின் பட்டம் வென்றார். திறமை எங்கும் போகவில்லை.

நிழல்சுற்று எழுதியது:

வெண்ட்லிங்கரின் ஜிடி பட்டம் எனக்குத் தெரியவே தெரியாது. அப்படியானால் இன்னொரு கேள்வி: திரும்பி வருகிறவருக்கு அணி முதல் சோதனை ஓட்டத்தை எப்படி அமைக்க வேண்டும்?

இறுக்குதிருகு எழுதியது:

பழைய கார், பழகின தடம், சுத்தி யாரும் இல்லாம. முதல் ஓட்டம் அஞ்சு சுற்று, இறங்கச் சொல்லி வலி எங்கேன்னு கேளுங்க, கைகால் வீக்கத்தை நாடா வெச்சு அளங்க. பிரேக் அழுத்த வரைபடத்தை அவரோட காயத்துக்கு முந்தின வரைபடம் மேல வெச்சுப் பாருங்க. உச்சி குறைஞ்சிருந்தா பலம் போதல, பயிற்சியில ஏத்திடலாம். உச்சி சரியா இருந்து, விடும்போது கோடு படிக்கட்டு மாதிரி இறங்கினா கணுக்கால் இன்னும் தயாரில்ல. அப்போ சுற்று நேரம் எவ்வளவு நல்லா வந்தாலும் அன்னிக்கு நிறுத்திடுங்க. சரியா வந்தா மட்டும் மறுநாள் காலையில திரும்ப அளந்துட்டு, முழு டேங்க்கோட ஒரே மூச்சுல பந்தய தூரம்.